பிள்ளை கேட்கும் விளையாட்டுக் கணிப்பொறி

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் கோடையில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வேண்டுகோள் எழுகின்றது. ஒரு தலைமுறைக்கு முன் மிதிவண்டி கேட்ட வயதில், அதற்கடுத்த தலைமுறை கைபேசி கேட்ட வயதில், இன்றைய பிள்ளை ‘கேமிங் பி.சி.’ கேட்கின்றான். விலை என்ன என்று தந்தை வினவினால் எண்பதாயிரம் என்றோ ஓர் இலட்சம் என்றோ விடை வருகின்றது. அறந்தாங்கியில் சிறு கடை வைத்திருப்பவருக்கும், கீரமங்கலத்தில் பூவும் தென்னையும் பயிரிடுபவருக்கும், சிங்கப்பூரில் கட்டடப் பணி செய்து மாதந்தோறும் பணம் அனுப்பும் அண்ணனுக்கும் இது சிறு தொகையன்று.

இந்நிலையில் பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். “விளையாட்டுக்கு ஓர் இலட்சமா?” என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுவது ஒன்று. பிள்ளையின் முகவாட்டம் தாங்காமல் கடைக்காரர் காட்டியதை மாதக் கடனில் வாங்கிக் கொடுத்துவிடுவது மற்றொன்று. முன்னதில் வீட்டில் பேச்சு நின்றுவிடுகின்றது. பின்னதில் வட்டி ஓடத் தொடங்குகின்றது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கின்றது. கணிப்பொறியை உறுப்பு உறுப்பாக அறிந்து, இன்று வாங்க வேண்டியது எது, அடுத்த ஆண்டு வாங்கலாகாதா என்று பிரித்து, கையிலுள்ள பணத்தில் இரண்டு கட்டமாகக் கட்டிக்கொள்ளும் வழி அது. வீடு கட்டுவோர் அடித்தளமும் சுவரும் முடித்துக் குடிபுகுந்த பின்பு மாடி எடுப்பதில்லையா? அதே முறைதான்.

பணம் எங்கிருந்து?

நம் மாவட்டத்தின் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைக்கும் வழக்கம் உண்டு. ஒரே நாளில் இலட்சக்கணக்கில் பணம் சேரும். அந்தப் பணத்தைக் கண்டதும் வீட்டில் உள்ள எல்லாருடைய ஆசைகளும் தலைதூக்கும். ஆயினும் மொய் நோட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை என்பதை அப்பகுதியினருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிணறு வெட்டவும் தொழில் தொடங்கவும் அது ஏற்ற முதல். மூன்றாண்டில் பாதி விலைகூடப் பெறாத ஒரு பொருளில் அதை இடுவது முறையாகாது. நகையை அடகு வைப்பதும் அவ்வாறே. கணிப்பொறி உறுப்புகள் வாங்கிய மறுநாள் முதல் விலை இறங்கும் இனத்தைச் சேர்ந்தவை. தங்கம் ஏறும் இனத்தைச் சேர்ந்தது. ஏறுவதைக் கொடுத்து இறங்குவதை வாங்கும் வணிகத்தை எந்தச் செட்டியாரும் ஒப்பமாட்டார்.

ஆகவே முதல் விதி: கையிலுள்ள தொகை எவ்வளவோ அவ்வளவுக்குள் முதற் கட்டம் அமைய வேண்டும். இரண்டாம் கட்டத்துக்குரிய பணத்தில் ஒரு பகுதியேனும் பிள்ளையே சேர்க்கட்டும். கிறிஸ்துமஸுக்குத் தாத்தா தரும் பணமும், விடுமுறையில் கடையில் நின்று பெறும் கூலியும், மாதந்தோறும் மிச்சப்படும் நூறும் இருநூறும் அதற்கு உதவும்.

பிள்ளையிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஒவ்வோர் உறுப்பின் பெயர், அதன் விலை, அதை ஏன் தெரிந்தெடுத்தான் என்ற காரணம் ஆகிய மூன்றையும் எழுதி வரச் சொல்லுங்கள். உண்மையான ஆர்வம் உள்ளவன் மூன்று நாளில் மூன்று பக்கம் எழுதி வருவான். அண்டை வீட்டு நண்பன் வைத்திருக்கிறான் என்பதற்காகக் கேட்டவன் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு தந்தையும் தாயும் கேள்வி கேட்பதற்கு வேண்டிய அறிவைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்ன விளையாட்டு என்பதே முதற் கேள்வி

கணிப்பொறி எவ்வளவு வலிமையுடையதாக இருக்க வேண்டும் என்பதை அதில் ஓடப்போகும் விளையாட்டே தீர்மானிக்கின்றது. சதுரங்கம் ஆட எந்தக் கணிப்பொறியும் போதும். 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய இலவச மடிக்கணினியே மிகுதி. உலகெங்கும் இளைஞர் குழுவாக ஆடும் வாலரண்ட், கட்டி எழுப்பி மகிழும் மைன்கிராஃப்ட் போன்றவை நடுத்தரப் பொறியில் நன்றாகவே ஓடும். பெரும் பொருட்செலவில் திரைப்படம் போல எடுக்கப்படும் புதிய ஆட்டங்களுக்கே விலையுயர்ந்த உறுப்புகள் தேவைப்படுகின்றன. பிள்ளை ஆட விரும்பும் ஐந்து விளையாட்டுகளின் பெயரை எழுதச் சொன்னால், அவற்றுள் நான்கு முதல் இரண்டு வகையைச் சேர்ந்தவையாக இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். ஐந்தாவது ஒன்றுக்காக இருபதாயிரம் ரூபாயை இன்றே செலவிட வேண்டுமா என்ற கேள்வி அப்போது தானாகவே எழும்.

இங்கே மற்றொன்றையும் பார்த்துக்கொள்ளலாம். விளையாட்டுகளின் உறையில் வயது மதிப்பீடு அச்சிடப்பட்டிருக்கும். ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 என்று இருந்தால் அது பெரியோர்க்குரியது. 2013-இல் வெளிவந்து இன்றும் நம் சிறுவர் வாயில் அடிபடும் ‘ஜி.டி.ஏ. 5’ அத்தகையது. பத்தாம் வகுப்பு மாணவனின் காகிதத்தில் அந்தப் பெயர் இருந்தால் பெற்றோர் அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நூறு ரூபாயின் பங்கீடு

திரையையும் விசைப்பலகையையும் நீக்கிப் பார்த்தால், விளையாட்டுக் கணிப்பொறி என்பது ஏழு உறுப்புகளின் தொகுப்பு. காட்சிகளை வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டு. கணக்குகளைப் போடுவது செயலி. கடைக்காரர் ‘ப்ராசஸர்’ என்பார். எல்லாவற்றையும் தாங்கி இணைக்கும் பலகை மதர்போர்டு. செய்யும் வேலையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது ரேம் என்னும் நினைவகம். நிலையாகச் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. மின்சாரத்தை மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். இவையனைத்தையும் அடக்கும் பெட்டி கேபினெட்.

செலவிடும் நூறு ரூபாயில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராபிக்ஸ் கார்டுக்கும், பதினெட்டு செயலிக்கும், பதினொன்று மதர்போர்டுக்கும், பதினான்கு நினைவகத்துக்கும், எட்டு சேமிப்புக்கும், எட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும், ஆறு பெட்டிக்கும் போவது சீரான பங்கீடு. இது இறுகிய சட்டமன்று. ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். ஆனால் பிள்ளை எழுதிவந்த காகிதத்தில் பெட்டிக்குப் பதினைந்தும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மூன்றும் இருந்தால், கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்கும் அவன் மனத்தைக் கவர்ந்துவிட்டன என்று கண்டுகொள்ளலாம். வானவில் போல் மின்னும் விசிறிகள் விளையாட்டை ஓர் இம்மியும் விரைவுபடுத்துவதில்லை. ஊர்த் திருவிழாச் சப்பரத்துக்கு வண்ண விளக்கு அழகு; மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்கு எதற்கு?

மாறாக, கண்ணுக்குத் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிப்பவர் பின்னர் வருந்துவர். பெயரறியாத மலிவான ஒன்று பழுதாகும்போது தான் மட்டும் போவதில்லை. மதர்போர்டையும் கிராபிக்ஸ் கார்டையும் உடன் அழைத்துக்கொண்டு போகக்கூடும். அறியப்பட்ட நிறுவனத்தின் 550 வாட் கருவி, ‘80 ப்ளஸ்’ என்ற திறன் முத்திரையுடன், ஐந்தாண்டு உறுதியுடன் வாங்கினால், இன்றைய பொறிக்கும் நாளைய கிராபிக்ஸ் கார்டுக்கும் அதுவே போதும். முதற் கட்டத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாத இடம் இதுவே.

ஓர் எழுத்தின் விலை

இரண்டு கட்டமாகக் கட்டுவது எவ்வாறு இயலும்? கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் காட்சி தோன்றுமா? தோன்றும், ஆனால் அதற்கேற்ற செயலியைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

சில செயலிகளின் உள்ளேயே சிறியதொரு கிராபிக்ஸ் பகுதி பதிக்கப்பட்டிருக்கும். 2021-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி அதற்கு நல்ல சான்று. ஆறு கருக்கள் கொண்ட அச்செயலி, தனிக் கிராபிக்ஸ் கார்டு எதுவும் இல்லாமலே வாலரண்ட் போன்ற ஆட்டங்களைச் சரளமாக ஓட்டிவிடும்; கல்லூரிப் பாடத்துக்கு வேண்டிய நிரல் எழுதுதல், வரைபடம் வரைதல் யாவும் அதில் ஆகும். அதே பெயரில் கடைசி எழுத்தான ‘ஜி’ இல்லாத 5600 என்றொரு செயலியும் உண்டு. அதனுள் கிராபிக்ஸ் பகுதி இல்லை. தனிக் கார்டு வாங்கும் வரை திரை இருண்டே கிடக்கும். இன்டெல் நிறுவனத்தின் செயலிகளிலோ இதற்கு நேர்மாறு: பெயரின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். ‘எஃப்’ உள்ளது ஆயிரம் இரண்டாயிரம் மலிவாகக் கிடைக்கும் என்பதால் பலர் அதை வாங்கிவந்து, பெட்டியைப் பூட்டி முடித்த பின்னரே உண்மையை உணர்கின்றனர். வாங்குமுன் கடைசி எழுத்தைப் படியுங்கள்.

இரண்டாம் கட்டத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது முதலில் வாங்கியது எதுவும் வீணாகாமல் இருக்க வேண்டும். இதில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 என்னும் பொருத்துவாய் வரலாறு பயனுள்ளது. 2016-இல் அறிமுகமாகி, 2017-இல் முதல் ரைசன் செயலிகளுடன் பரவிய அந்தப் பொருத்துவாய்க்கு 2024-ஆம் ஆண்டிலும் புதிய செயலிகளை அந்நிறுவனம் வெளியிட்டது. 2018-இல் வாங்கிய மதர்போர்டு பலவற்றில், அதன் உள் நிரலைப் புதுப்பித்துவிட்டு, நான்காண்டுக்குப் பின் வந்த செயலியைப் பொருத்திக்கொண்டோர் உண்டு. 2022-இல் வந்த ஏ.எம்.5 என்னும் அடுத்த பொருத்துவாய் இன்னும் நீண்ட எதிர்காலம் உடையது. ஆயினும் அதற்குரிய மதர்போர்டும் டி.டி.ஆர்.5 நினைவகமும் சேர்ந்து முதற் கட்டச் செலவை உயர்த்திவிடுகின்றன. பள்ளி முடித்துக் கல்லூரி செல்லும் நான்காண்டுக்குப் போதுமான பொறியே இலக்கு என்றால் ஏ.எம்.4 குறைவொன்றும் இல்லாத தேர்வு என்பது என் கருத்து.

உட்பதிந்த கிராபிக்ஸ் பகுதி பொது நினைவகத்தையே கடன் வாங்கி வேலை செய்கின்றது. ஆகையால் 16 ஜி.பி. நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஒற்றை மாட்டுக்கும் இரட்டை மாட்டுக்கும் ஏரில் உள்ள வேறுபாடுதான். இரட்டையாக இருந்தால் விளையாட்டின் வேகம் கண்கூடாகக் கூடும். கூடுதல் செலவு மிகச் சிறிது.

ஓராண்டு கழித்து, 8 ஜி.பி. நினைவகமுள்ள ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 போன்றதொரு கார்டைச் சேர்த்தால் பொறியின் முகமே மாறிவிடும். அதற்கு ஏறத்தாழ 132 வாட் மின்சாரம் வேண்டும். முன்பே வாங்கிய 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கும். அன்றைக்கு அதைவிடச் சிறந்தது அதே விலையில் வந்திருந்தால் இன்னும் நல்லது. காத்திருந்தவருக்குக் கிடைக்கும் வட்டி என்று அதைக் கொள்ளலாம்.

நினைவகம் ஏன் இவ்வளவு விலை?

சென்ற ஆண்டுப் பட்டியலைப் பார்த்துத் திட்டமிட்டு இன்று கடைக்குச் செல்வோர் நினைவகத்தின் விலையைக் கேட்டுத் திகைக்கின்றனர். 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ரேம் விலை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. உலகில் நினைவகச் சில்லுகளின் பெரும்பகுதியைச் செய்வன சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்காக எழுப்பப்படும் பெரும் தரவு மையங்கள் மிகுந்த விலை கொடுத்து அச்சில்லுகளை வாங்கத் தொடங்கியதும், மூன்று நிறுவனங்களும் தம் உற்பத்தியை அத்திசைக்குத் திருப்பின. 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ என்னும் தன் வணிகத்தையே முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அமெரிக்காவில் எழும் தரவு மையத்தின் பசிக்குப் புதுக்கோட்டையில் வாங்கும் ஒரு துண்டு ரேமும் இரையாகின்றது!

இத்தகைய அலைகள் முன்பும் வந்துள்ளன. 2020 முதல் 2022 வரை, மறைக்குறி நாணயம் ‘தோண்டுவோர்’ கிராபிக்ஸ் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கியதால் அவற்றின் விலை இருமடங்கானது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் எத்தீரியம் என்னும் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தத் தேவை அற்றுப்போய், விலை சரிந்தது. ஆகவே விலை ஏறியிருக்கும் உறுப்பை இன்று குறைந்த அளவில் வாங்கி, சரியும்போது கூட்டிக்கொள்வதே உழவர் அறிந்த நியாயம். மதர்போர்டில் நான்கு ரேம் பொருத்துமிடம் இருந்தால் இரண்டை இன்று நிரப்பி இரண்டைப் பின்னாளுக்கு விடலாம்.

பழைய பெட்டியைப் புதுப்பித்தல்

இன்னும் குறைந்த தொகையே உள்ளோர்க்கு வேறொரு வழி உண்டு. பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்த டெல், எச்.பி., லெனோவோ கணிப்பொறிகள் திருச்சியிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பழுது நீக்கி விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கி, கூடுதல் மின்கம்பி வேண்டாத சிறு கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினால் எளிய விளையாட்டுப் பொறி ஆகிவிடும். மதர்போர்டின் செருகுவாய் தானே 75 வாட் வரை தரவல்லது. ஜிடிஎக்ஸ் 1650 வகைக் கார்டுகளிற் பல அந்த அளவுக்குள் அடங்கும்.

இவ்வழியில் மூன்று பள்ளங்கள் உள்ளன. ஒல்லியான பெட்டியாக இருந்தால் குட்டை வடிவக் கார்டு மட்டுமே உள்ளே நுழையும். அளந்து பார்த்து வாங்க வேண்டும். அப்பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ். அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அமைப்புடையது. பின்னாளில் பெரிதாக மாற்றுவது அரிது. மூன்றாவதே பெரியது: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆறாம் ஏழாம் தலைமுறைப் பொறிகளை விற்றுத் தீர்க்க இன்று வணிகர் விரைவது இதனாலேதான். பத்தாயிரம் ரூபாய்க்கு ‘ஐ5’ என்று சொல்லும்போது எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ‘ஐ5-8500’ என்பதில் 8 தலைமுறையைக் குறிக்கும். ‘ஐ5-6500’ என்றால் அது ஆறாவது.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவதாயின், அது ஓடுவதை அரைமணி நேரம் கண்ணால் கண்டு வாங்க வேண்டும். நாணயம் தோண்டுவதற்காக இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் இன்றும் சந்தையில் உலவுகின்றன.

மின்சாரமும் செம்மண் தூசியும்

2018 நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் நம் சிற்றூர்கள் பல எத்தனை நாள் இருளில் கிடந்தன என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார். புயல் அரிது, ஆயினும் மின் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வும் திடீர்த் தடையும் நம் ஊர்களுக்குப் புதியவை அல்ல. ஆகவே யூ.பி.எஸ். இல்லாமல் இப்பொறியை ஓட்டக் கூடாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். முதற் கட்டத்துக்கு அது போதும். கிராபிக்ஸ் கார்டு சேர்ந்த பின் 1000 வி.ஏ. அளவில் இருப்பதே பாதுகாப்பு. அதனினும் முதன்மையானது வீட்டின் நில இணைப்பு. பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உறைத்தால், கரியும் உப்பும் இட்ட எர்த் குழி காய்ந்துவிட்டது என்று பொருள். மின்பணியாளரை அழைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இது பொறிக்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பு.

மின்கட்டணத்தைப் பற்றிப் பெற்றோர் அஞ்சுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். கிராபிக்ஸ் கார்டும் திரையும் சேர்ந்து விளையாடும் நேரத்தில் 250 வாட் இழுப்பதாகக் கொண்டால், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்; மின்கணக்கின் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். பெருந்தொகை அன்று. ஆயினும் மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் ஏற்கெனவே உண்டு முடித்ததற்கு மேல் ஏறும் யூனிட் இது. ஆகவே விலை கூடிய படியில் கணக்காகும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஆடினால் 90 யூனிட் ஆகிவிடும் என்பதையும் காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

பங்குனி, சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது பெட்டியின் உள்ளே இன்னும் கொதிக்கும். முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடிய பெட்டியைவிட, வலைக்கண் முகப்புடைய பெட்டியே நம் நாட்டுக்கு ஏற்றது. செம்மண் தூசி விசிறிகளில் படிந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதத்துக்கொரு முறை, மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். பின்புறத்தில் கார்டு பொருத்தாத பிளவுகளை அவற்றின் தகட்டால் மூடியே வையுங்கள். வெதுவெதுப்பான இடம் தேடி உள்ளே புகும் பல்லி, தானும் மாண்டு மதர்போர்டையும் மாய்த்துவிடும். இதைக் கேட்டு நகைப்போர், பழுது பார்க்கும் கடைக்காரரைக் கேட்டுப் பார்க்கலாம்.

திரையும் மென்பொருளும்

வீட்டில் எச்.டி.எம்.ஐ. செருகுவாயுள்ள தட்டைத் தொலைக்காட்சி இருந்தால், முதல் ஆறு மாதம் அதையே திரையாகக் கொள்ளலாம், ஏழெட்டாயிரம் மிச்சம். (2006-இல் அரசு வழங்கத் தொடங்கிய பதினான்கு அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இன்னும் போற்றிவரும் இல்லங்கள் மன்னிக்க வேண்டும், அதில் அந்தச் செருகுவாய் இல்லை.) குடும்பத் தொலைக்காட்சியில் ஆடுவதால் ஒரு நன்மையும் உண்டு: பிள்ளை என்ன ஆடுகிறான் என்பதை வீடே காணும், தொடர் பார்க்கும் நேரத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டியும் வரும்.

திருட்டு விண்டோஸும் திருட்டு விளையாட்டும் ஏற்றித் தருவதாகக் கடையில் சொன்னால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். பிறர் உழைப்பைக் களவாடுவது என்பதோடு, பூட்டை உடைத்த அத்தகைய மென்பொருளோடு வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நிரல்களும் சேர்ந்தே வருவதுண்டு. தந்தை அதே கணிப்பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பவராயின் தீங்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. வாலரண்ட் போன்ற ஆட்டங்கள் இலவசமே. எபிக் என்னும் இணைய அங்காடி 2018 டிசம்பர் முதல் அவ்வப்போது விலையுள்ள ஆட்டங்களையே இலவசமாக வழங்கிவருகின்றது. ஸ்டீம் அங்காடியில் ரூபாயிலேயே விலை. பண்டிகைத் தள்ளுபடியில் பழைய நல்ல ஆட்டங்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்திலும் இன்று மிகப் பல ஆட்டங்கள் ஓடும். ஆனால் வாலரண்ட் ஓடாது.

இணையத்தையும் எண்ண வேண்டும். பெரிய ஆட்டம் ஒன்று 100 ஜி.பி.க்கு மேல் இருக்கும். கைபேசியின் நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்ற அளவில் அதை இறக்கினால் ஐம்பது நாள் ஆகும்! ஊரில் கண்ணாடியிழை இணைப்பு வந்துவிட்டதா என்று அறிந்து, அதன் மாதக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்த பின்பே முடிவு செய்யலாம்.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு. இங்கே நாம் பேசும் விளையாட்டு வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் முன்னதைத் தடை செய்து, போட்டி விளையாட்டைத் தனியாக ஏற்றுக்கொண்டது. ஹாங்சௌ நகரில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டில் மின் விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கப்பட்டது. அதே சமயம், விளையாட்டின் மீது கட்டுப்பாடிழந்து, படிப்பும் உறவும் உறக்கமும் கெட்ட பின்னும் நிறுத்த இயலாத நிலையை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் பட்டியலில் நோய் என்றே வகைப்படுத்தியுள்ளது. எனவே பொறியைக் கூடத்தில், தாழ்ப்பாளில்லாத இடத்தில் வைப்பது பற்றி வாங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வாங்கிய பின் பேசினால் அது தண்டனை போலத் தோன்றும்.

கடையில்

புதுக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள திருச்சியில் ஒரு நாளில் போய்த் திரும்பலாம். ரிச்சி தெருவில் விலை சிறிது குறையலாம். ஆனால் ஓர் உறுப்பு பழுதானால் மீண்டும் சென்னைக்குப் போய்வரும் செலவு அந்தக் குறைவை விழுங்கிவிடும். இணையத்தில் விலை பார்த்து எழுதிக்கொண்டு போய், அருகிலுள்ள நம்பகமான கடையில் பேரம் பேசுவது நல்ல நடைமுறை. சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவிடம் சிம் லிம் சதுக்கத்தில் கார்டு வாங்கி வரச் சொல்வோர், அங்கே தரப்படும் உறுதி இங்கே செல்லுமா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெளிய வேண்டும்.

“பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்” என்பார் சிலர். உறுப்புகளுக்கு விதிக்கப்படும் 18 விழுக்காடு வரியை அவர் மறைக்கின்றார். நாமும் நம் மூன்றாண்டு உறுதியை அவரிடமே விட்டுவிட்டு வருகின்றோம். ஒவ்வோர் உறுப்பின் தொடர் எண்ணும் பில்லில் எழுதப்பட வேண்டும். பெட்டியில்லாத ‘ட்ரே’ செயலியைக் காட்டினால், அதற்கு உறுதி தருவது நிறுவனமா கடையா, எத்தனை ஆண்டு என்று வினவி எழுதி வாங்குங்கள்.

பூட்டும் பணியைக் கடையிலேயே செய்து தருவர். ஆயினும் பிள்ளை அருகில் நின்று பார்க்கட்டும். இயன்றால் தானே பூட்டட்டும். செயலியைப் பொருத்தும்போது முக்கோணக் குறியை முக்கோணக் குறியோடு சேர்ப்பது, ரேமை இரண்டாம் நான்காம் இடங்களில் செருகுவது, விசிறியின் கம்பியை மறவாமல் இணைப்பது ஆகியவற்றை ஒரு முறை செய்தவன், ஓராண்டு கழித்துக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது கடைக்குப் பொறியைத் தூக்கிச் செல்ல வேண்டியிராது.

வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டிகளைப் பழைய பொருள் வாங்குபவருக்குப் போட்டுவிடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, கார்டு ஆகியவற்றின் தொடர் எண் அச்சிட்ட பெட்டிகளைப் பில்லோடு சேர்த்துக் கட்டி, உறுதிக் காலம் முடியும் வரை பரணில் வையுங்கள். பிள்ளை எழுதிவந்த காகிதத்தையும் அந்தக் கட்டுக்குள்ளேயே வைத்துவிடலாம்; இரண்டாம் கட்டத்தின் போது அது தேவைப்படும்.